விருந்தினர்களின் ஆதார் என் கைப்பேசியில் ஏன் இருந்தது?

2023 பிப்ரவரியில் ஒரு மாலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் ஒலித்ததால், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டிச் சாலை சற்று அகலமாக இருந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தேன். ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதக் கடைசியில், கோடை விழாவுக்கு வந்தபோது, குடும்பத்துடன் எங்கள் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியவர். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், அப்போது என் ஆதாரையும் பான் அட்டையையும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவை இன்னும் உங்களிடம் இருக்கின்றனவா?"

"இல்லை மேடம், வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம்" என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன்.

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த இடத்தில் அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்; அவர் கேள்விப்பட்டே இராத இரண்டு நிறுவனங்களில் அவர் பெயரில் கடன் கேட்டு யாரோ விண்ணப்பித்த பதிவு அதில் இருந்திருக்கிறது. கடன் எதுவும் கைமாறவில்லை. ஆனால் தன் அட்டைகளின் நகல் யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொருவராக அழைத்து விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலில் நானும் ஒருவன். மீதமிருந்த வளைவுகளை இறங்கி முடிப்பதற்குள், நான் சொன்ன பதில் உண்மைதானா என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது. நான் எதையும் அழித்ததாக நினைவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு ஏரியைத் தாண்டி நாகலூர் போகும் சாலையில், அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் காபி, மிளகுத் தோட்டமும் அதன் நடுவே ஓட்டு வீடும் இருக்கின்றன. மிளகு விலையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால், 2017 முதல் மூன்று அறைகளைச் சுற்றுலா வருவோருக்கு வாடகைக்கு விடுகிறேன். குடும்பம் சேலத்தில், அஸ்தம்பட்டியில் இருக்கிறது. தோட்டத்து வீட்டை ஓர் அம்மாவும் அவருடைய கணவரும் பார்த்துக்கொள்கிறார்கள். தங்குவோரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. மே மாதத்தில் ஒரே நாளில் மூன்று குடும்பங்கள் கிளம்பி மூன்று குடும்பங்கள் வந்து இறங்கும்போது, வாசலில் நிறுத்தி வைத்து எழுதுவது அவர்களுக்கும் தொல்லை, எனக்கும் தொல்லை. ஆகவே, "முன்பதிவுத் தொகையுடன் அனைவரின் ஆதார் படத்தையும் அனுப்பவும்" என்று ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு, கேட்பவர் எல்லோருக்கும் அதையே அனுப்பி வந்தேன். அந்த ஒரு வரிதான் ஆறு ஆண்டுகளில் என்ன சேர்த்து வைத்திருந்தது என்பதை அன்றிரவு பார்த்தேன்.

கைப்பேசியில் உள்ள கூகுள் போட்டோஸ், படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் படித்துத் தேடித் தரும். அதில் ஆதார் என்று ஆங்கிலத்தில் தட்டினேன், திரை நிறைந்தது. அட்டையில் அச்சிடப்பட்டிருக்கும் உதவி எண்ணான 1947ஐத் தட்டினேன், இன்னும் வந்தன. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பான் அட்டை, மாணவர்களின் கல்லூரி அட்டை, தேனிலவுக்கு வந்த ஒருவர் அனுப்பிய திருமணப் பதிவுச் சான்று, கைக்குழந்தையின் நீல நிற ஆதார் என்று எண்ணிக்கொண்டே போனதில் 1,162 படங்கள் இருந்தன. ஆசிரியையின் இரண்டு அட்டைகளும் அவற்றில் இருந்தன. இதைப் படிப்பவர்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும், தங்கள் கைப்பேசியில் இந்தத் தேடலை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். கடை வைத்திருப்பவர், வீட்டு உரிமையாளர், டியூஷன் நடத்துபவர், சங்கச் செயலாளர், சீட்டுப் பிடிப்பவர் ஆகியோர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இணையத்தில் தகவல் திருட்டு என்றதும், எங்கோ ஒரு நாட்டில் இருட்டறையில் உட்கார்ந்து கணினியைத் துளைக்கும் ஒருவனைத்தான் நான் கற்பனை செய்திருந்தேன். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக் கூடாது, தெரியாத இணைப்பைத் தொடக் கூடாது என்று அம்மாவுக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் மற்றவர்களின் தகவல் கசிவதற்குத் தோதான இடம் என் சட்டைப் பையிலேயே இருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கைப்பேசிக்கு நான் வைத்திருந்த பூட்டு, நான்கு இலக்கங்களில் என் பிறந்த ஆண்டு.

உடனே அழித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். ஓர் இடத்தில் அழித்தால் இன்னோர் இடத்தில் இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் படம் உரையாடலில் ஒன்று, கேலரியில் ஒன்று என இரண்டு இடங்களில் தெரிகிறது. கேலரியில் இருப்பது தானாகவே கூகுள் கணக்குக்கு மேலேறுகிறது. வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி தனியாகக் கூகுள் டிரைவில் சேர்கிறது. கூகுள் போட்டோஸில் அழித்தால் படம் குப்பைத் தொட்டிக்குப் போகிறதே தவிர உடனே மறைவதில்லை. மேலேற்றிய படமாக இருந்தால் 60 நாட்கள் வரை அங்கேயே கிடக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் அழித்ததாகக் கணக்கு. இவையெல்லாம் நான் தெரிந்தே வைத்த நகல்கள் அல்ல. வசதிக்காக என்று கைப்பேசி தானாகச் செய்துவைத்தவை.

நானாகச் செய்தவை அதைவிட மோசம். யார் எந்த அறைக்கு வருகிறார்கள் என்று தெரிவிப்பதற்காக, தோட்டத்து வீட்டுக்காரர்களும் மலையேற்றிக் கொண்டுவரும் இரண்டு வாடகைக் கார் ஓட்டுநர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அட்டைகளை அப்படியே தள்ளிவிட்டிருந்தேன். ஆக, ஒவ்வோர் அட்டையும் இன்னும் நான்கு கைப்பேசிகளில் இருந்தது. அவற்றில் ஒரு கைப்பேசி, ஓட்டுநர் புதிது வாங்கியபோது பழைய பஸ் நிலையப் பகுதியில் ஒரு கடையில் மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. அழித்துவிட்டுத்தான் கொடுத்தாயா என்று கேட்டதற்கு, "சிம்மை எடுத்துட்டுத்தான்ணா குடுத்தேன்" என்றார்.

அச்சடித்து வைக்க வேண்டும் என்று நினைத்த காலத்தில், சேலத்தில் ஒரு நகலகத்தின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பி, போகிற வழியில் காகிதமாக வாங்கிக்கொள்வேன். அந்தக் கடைக்கு மறுபடி போய், கொஞ்சம் தயக்கத்துடன், என் எண்ணிலிருந்து வந்த கோப்புகளை அழித்துத் தர முடியுமா என்று கேட்டேன். கடைக்காரப் பையன் முகம் சுளிக்காமல் கணினியைத் திருப்பிக் காட்டினான். பதிவிறக்கக் கோப்புறையில் ஊரில் பாதிப் பேரின் வாழ்க்கை இருந்தது: சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். என்னுடையவற்றைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து அச்செடுக்க வேண்டிய கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய், கண் முன்னால் அச்செடுத்து, அந்தக் கணினியில் நகல் விழுந்திருந்தால் அதையும் நீக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். பென் டிரைவில் வைரஸ் தொற்றும் என்பது உண்மை. ஆகவே அதில் வேறெதுவும் வைப்பதில்லை.

காகிதங்களின் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று, மூன்று ஆண்டுகளின் நகல் கட்டுகளைப் பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு முறை தட்டுவடை செட் சாப்பிட்டபோது, கையில் கொடுத்த காகிதத்தைத் திருப்பினால் யாருடைய குடும்ப அட்டை நகலோ தெரிந்தது. அப்போது நண்பர்களிடம் காட்டிச் சிரித்தேன். அது என் கட்டிலிருந்து வந்ததல்ல; ஆனால் என் கட்டு எந்தக் கடையில் எதைச் சுற்றிக் கொடுக்கப் பயன்பட்டதோ!

இவற்றையெல்லாம்விட என்னை உலுக்கியது ஒரு டேப்லெட். 2020இல் பள்ளிகள் மூடி வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, தோட்டத்து வீட்டு அம்மாவின் மகளுக்கு எங்கள் வீட்டில் சும்மா கிடந்த டேப்லெட்டைக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவில், அதிலிருந்து என் கூகுள் கணக்கை நீக்க மறந்துவிட்டேன். மூன்றாண்டுகளாக எனக்கு வந்த ஒவ்வோர் அட்டையும் அந்தப் பிள்ளையின் கையிலும் தோன்றியிருக்கிறது. கேட்டபோது, "ஆமா மாமா, யார் யார் போட்டோவோ வந்துட்டே இருக்கும். நான் தொறந்து பாக்கறதில்ல" என்றாள். அவள் பார்க்கவில்லை என்பதை நம்புகிறேன். அந்த டேப்லெட்டைப் பள்ளிக்கும் தோழி வீட்டுக்கும் கொண்டுபோயிருக்கிறாள் என்பதும் உண்மை. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நம் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று அதில் தெரியும், அங்கிருந்தே வெளியேற்றவும் முடியும். என் பட்டியலில் ஏழு கருவிகள் இருந்தன. அவற்றில் நான் அன்றாடம் பயன்படுத்துபவை இரண்டு.

மறுநாள் ஆசிரியையை அழைத்து, நான் சொன்னது தவறு, உங்கள் அட்டைகள் என்னிடம் இருந்தன, இன்ன இன்ன இடங்களுக்கும் போயிருக்கின்றன என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "பட்டியலில் ஒன்பது பேர் சார். உண்மையைச் சொன்னது நீங்கள் ஒருவர்தான்" என்றார். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் தகவல் என்னிடமிருந்துதான் கசிந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. என்னிடமிருந்து கசியவில்லை என்பதற்கும் இல்லை. தகவல் திருட்டில் பெரும்பாலும் நிலை இதுதான். பணம் போனால் எந்தக் கணக்கிலிருந்து எங்கே போனது என்று தடம் இருக்கும். நகல் போனால் தடமே இருக்காது, மூலம் நம் பெட்டியில் பத்திரமாகவே இருக்கும்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, அடுத்த இரண்டு வாரங்கள் நானும் கூடவே விசாரித்து அலைந்ததில் கற்றவை சில. இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, ஒவ்வொன்றிலிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். 2017 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த உரிமையை என் நண்பர் வட்டத்தில் ஒருவரும் பயன்படுத்தியதில்லை. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணித்தது போலாகும். நாம் செய்யாத விண்ணப்பம் தெரிந்தால் அந்தத் தளத்திலேயே மறுப்பைப் பதிவு செய்யலாம். அதை 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று பின்னர் 2024 ஏப்ரலிலிருந்து விதி வந்திருக்கிறது. ஆசிரியையின் அறிக்கையிலிருந்த இரண்டு பதிவுகளில் ஒன்று ஐந்து வாரங்களில் நீங்கியது. மற்றொன்றுக்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது.

நம் அட்டையைக் காட்டி யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். நம் பெயரில் இயங்கும் எண்கள் பட்டியலாக வரும். நமக்குத் தெரியாததை 'என் எண் அல்ல' என்று குறித்து அனுப்பலாம். எனக்கு ஐந்து எண்கள் வந்தன, அவற்றில் ஒன்று முற்றிலும் புதிது. திடுக்கிட்டுப் புகாரளிக்கும் பொத்தானைத் தொடப் போன நேரத்தில், அது தோட்டத்து வீட்டு அம்மாவுக்கு நானே வாங்கிக் கொடுத்த சிம் என்பது நினைவுக்கு வந்தது. தொட்டிருந்தால் மலைமேல் இருக்கும் அவர்களின் தொடர்பு அறுந்துபோகும் நிலை வந்திருக்கும்.

கைரேகை விஷயத்தில் அவசரப்பட்டு ஒரு தவறு செய்தேன். ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் வங்கி முகவரின் சிறு கருவியில் பணம் எடுக்கலாம்; முதியோர் உதவித்தொகை வாங்கும் மலைக்கிராமத்து மக்களுக்கு அது பேருதவி. அந்த வழியில் பத்திரங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் சில மாநிலங்களில் பதிவாகியிருப்பதைப் படித்ததும், ஆதார் ஆணையத்தின் செயலியில் என்னுடைய, மனைவியுடைய, அம்மாவுடைய கைரேகை, கண்விழிப் பதிவுகளைப் பூட்டினேன். மிகவும் நல்ல ஏற்பாடு. பூட்டிவிட்டால் யார் ரேகை வைத்தாலும் ஆதார் சரிபார்ப்பு நடக்காது. அடுத்த வாரம் ரேஷன் கடையில் அம்மா நான்கு முறை விரல் வைத்தும் கருவி ஏற்கவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்று, பருப்பும் எண்ணெயும் இல்லாமல் வீடு திரும்பியவர், மாலை வரை என்னிடம் பேசவில்லை. தேவைப்படும்போது செயலியில் சில நிமிடங்களுக்கு மட்டும் பூட்டைத் திறந்துகொள்ளலாம், அது தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது; ஆனால் செயலி என் கைப்பேசியில், நான் ஏற்காட்டில், அம்மா ரேஷன் கடையில். வீட்டில் முதியவர்களின் பதிவைப் பூட்டுவோர், அதைத் திறக்கும் வழி அவர்கள் கையிலும் இருக்குமாறு செய்துவிட்டுப் பூட்ட வேண்டும்.

இனி, நான் மாற்றிக்கொண்ட வழக்கத்துக்கு வருகிறேன். முதலில் அந்த ஒற்றை வரியை நீக்கினேன். இப்போது விருந்தினர் வந்து இறங்கியதும், ஏதேனும் ஓர் அரசு அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, பெயர், ஊர், தொடர்பு எண், வண்டி எண், எந்த வகை அட்டை, அதன் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்துவிடுகிறேன். என்னிடம் ஆய்வுக்கு வந்தவர்கள் இதுவரை பதிவேட்டைத்தான் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஆதார்தான் வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆதார் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு சாதாரணத் தனியார் அதைக் கட்டாயமாகக் கேட்பதற்கு நியாயமே இல்லை. வெளிநாட்டவர் வந்தால் மட்டும் வேறு நடைமுறை: 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களை அரசுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும், அதற்குக் கடவுச்சீட்டு விவரங்கள் தேவை. பதிவேற்றிய கையோடு கைப்பேசியில் உள்ள படத்தை நீக்குகிறேன்.

அட்டை போலியா என்ற கவலை எனக்கு இருந்தது. ஆதாரில் உள்ள கியூஆர் குறியீட்டுக்குள் பெயர், முகவரி, பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவை ஆணையத்தின் மின்கையொப்பத்துடன் அடங்கியிருக்கின்றன. ஆணையம் தரும் ஸ்கேனர் செயலியில் காட்டினால், அட்டை மெய்யா என்று இணைய இணைப்பு இல்லாமலேயே தெரிந்துவிடும். மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் எங்கள் சாலையில் இது எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நகல் வாங்கி வைத்திருந்த ஆறு ஆண்டுகளில் நான் ஓர் அட்டையைக்கூடச் சரிபார்த்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். சேர்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

இதே கியூஆர் குறியீட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு. எச்சரிக்கையான விருந்தினர் சிலர் எண்ணை மட்டும் கைப்பேசியின் பேனாவால் கறுப்படித்துவிட்டு, குறியீட்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதைப் படித்தால் முகவரியும் பிறந்த தேதியும் வந்துவிடும். கறுப்படிப்பதிலும் கவனம் தேவை. கோடிட்டுக் காட்டும் ஹைலைட்டர் பேனாவால் பூசினால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் எண் தெரிந்துவிடுவதை நானே செய்து பார்த்தேன். நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், ஆதார் தளத்திலிருந்து கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதாரை' இறக்கிக் கொடுப்பதே மேல். அதன் மீதும் குறுக்காக, "இன்ன தேதியில், இன்ன வேலைக்காக, இன்னாரிடம் கொடுத்தது" என்று எழுத்துகளின் மேலேயே படும்படி எழுதிவிட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடலாம்.

இந்த மாற்றத்தை எல்லோரும் வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து வந்த ஒருவர், நான் ஆதார் படம் கேட்காததைக் கண்டு, "உங்களுக்கு லைசென்ஸ் எல்லாம் இருக்கிறதா?" என்று சந்தேகமாகக் கேட்டார். கேட்காமலேயே குடும்பத்தில் ஆறு பேரின் அட்டைகளையும் இருபுறமும் படமெடுத்து அனுப்புவோர் இன்றும் இருக்கிறார்கள். அவற்றைப் பார்த்ததும் நீக்கிவிட்டு, நீக்கிவிட்டேன் என்றும், உங்கள் பக்கத்தில் 'அனைவருக்கும் நீக்கு' என்று கொடுத்துவிடுங்கள் என்றும் பதில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் 'மீடியா விசிபிலிட்டி' என்ற அமைப்பை அணைத்துவிட்டதால், வரும் படங்கள் இப்போது கேலரியில் சேர்வதில்லை. விருந்தினர் உரையாடல்களுக்கு ஏழு நாட்களில் மறையும் செய்தி என்ற அமைப்பை வைத்திருக்கிறேன். பூட்டு எண்ணையும் மாற்றினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடியதில் ஒரு வேடிக்கை கிடைத்தது. 2022 மே 27 அன்று, அதாவது ஆசிரியை எனக்குத் தம் அட்டையை அனுப்பிய அதே வாரத்தில், ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டிருக்கிறது: ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம், உரிமம் பெறாத விடுதிகளும் திரையரங்குகளும் நகல் வாங்கி வைக்க அனுமதியில்லை என்று. இரண்டே நாளில், மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. வழக்கமான கவனத்தோடு பயன்படுத்தினால் போதும் என்றார்கள். வழக்கமான கவனம் என்பது என் போன்றோரிடம் எப்படி இருந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததன் தொடர்ச்சியாக, 2023இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறுவது, அந்த வேலை முடிந்ததும் அழிப்பது, கசிந்தால் உரியவருக்குத் தெரிவிப்பது என்று அதன் சாரம் எளிமையானது. சொந்த வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பதை அது தொடுவதில்லை. என் கைப்பேசி எனக்குச் சொந்தம்தான். அறை வாடகைக்காக அதில் வாங்கிய படங்கள் வீட்டு உபயோகம் ஆகா. அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்று படித்துவிட்டு மூன்று ஏக்கரை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய தொகை என் போன்றவனுக்கு எழுதப்பட்டதல்ல என்று தெரிந்தாலும், உரியவருக்குத் தெரிவிப்பது என்ற பகுதி மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதைச் செய்யச் சட்டம் எதற்கு?

ஆகவே, எண் இருந்த பழைய விருந்தினர்கள் அனைவருக்கும் ஒரு செய்தி எழுதினேன். உங்கள் அடையாள அட்டையின் படத்தைத் தேவைக்கு மேல் என்னிடம் வைத்திருந்தேன்; அது இன்னின்ன இடங்களில் இருந்தது; என்னால் முடிந்த இடங்களிலெல்லாம் அழித்துவிட்டேன்; சில நகல்களை மீட்க முடியவில்லை; கடன் அறிக்கையையும் சிம் பட்டியலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; உங்கள் பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்லி, காவல்துறை என்றோ வங்கி என்றோ எவராவது மிரட்டினால், அவருக்கு அவை தெரிந்திருப்பதையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். மனைவி படித்துவிட்டு, "இதை அனுப்பினால் அடுத்த மே மாதம் ஒருவரும் வர மாட்டார்கள்" என்றாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு அனுப்பினேன். முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் போனது. பெரும்பாலோர் கட்டைவிரல் படம் போட்டார்கள். நான்கு பேர் கடுமையாகத் திட்டினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. திருச்சிக்காரர் ஒருவர் டிசம்பருக்கு இரண்டு அறை கிடைக்குமா என்று கேட்டார்.

அந்த ஆசிரியை 2024 மே மாதம் மறுபடியும் வந்தார். உள்ளே நுழைந்ததும் பெட்டியைக்கூட வைக்காமல், "போனைக் காட்டுங்கள் சார்" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து 1947ஐத் தட்டித் தேடினார். என் அட்டையும் அம்மாவின் அட்டையும் மட்டும் வந்தன. திருப்திப்பட்டுத் திருப்பித் தந்தவரிடம், முன்பு வந்தபோது முன்பணம் போடுவதற்காக நான் அனுப்பிய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் அவர் கைப்பேசியில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்காது என்றார் உடனே. பிறகு, ஏதோ நினைவு வந்தவராகத் தம் கைப்பேசியைத் திறந்து தேட ஆரம்பித்தார். என் கணக்கு எண், முகவரி, மங்கலான கையெழுத்தோடு அந்தப் பக்கம் அங்கே இருந்தது. ஒன்றும் பேசாமல் அதை நீக்கினார்; பிறகு குப்பைத் தொட்டியைத் திறந்து அங்கிருந்தும் நீக்கிவிட்டு, காபி இருக்கிறதா என்று கேட்டார்.